புலம்7

முதல் சண்டை ஒருமையா பன்மையா என்பதில்.
'பொருள்' என்றான் இல்வார்ஸ். ஒரு வரிசைக்கு ஒரு பொருள்,
அட்டவணைக்கும் அதுவே பெயர்.
'பொருள்கள்' என்றேன் நான்.
உள்ளே அறுநூறு குடை கிடக்கும் அலமாரிக்கு
'குடை' என்றா பெயர் எழுதி ஒட்டுவார்கள்?

காபி ஆறியது.
ரீகா டிராம் பணிமனையின் பின்கட்டு, நவம்பர்,
மூன்றரை மணிக்கே விளக்குப் போட்டாயிற்று.

இரண்டாம் சண்டை கொஞ்சம் பெரிது.
தொலைந்தவை. கிடைத்தவை.
தொலைந்தது என்று நமக்கு எப்படித் தெரியும் என்றான்.
வேண்டுமென்றே இருக்கையில் விட்டுப் போயிருக்கலாம்,
அந்தப் பச்சை ஸ்வெட்டரைப் பார்த்தாயல்லவா.
நம் கைக்கு வந்தது ஒன்றுதான் உறுதி.
இதில் நான் தோற்றேன், மனசார.

'உரிமையாளர்' நெடுவரிசை 'கேட்டு_வந்தவர்' ஆனது.
தேதி, தேதி2, தேதிபுதுசு மூன்றும்
கிடைத்த_நாள், கொடுத்த_நாள், ஏலம்விட்ட_நாள் என்று
ஆளாகி நின்றன.
ஒவ்வொரு வரிசைக்கும் முதன்மைச் சாவி வேண்டும்;
சாவி என்றே ஓர் இனமும் இருந்தது, இரண்டாயிரத்துச் சொச்சம்,
எந்தக் கதவுக்கென்று தெரியாதவை.
அவற்றுக்கும் ஆளுக்கொரு சாவி கொடுத்தோம்.
அன்று மட்டும் சேர்ந்து சிரித்தோம்.

சொற்களுக்கு நடுவே அடிக்கோடு. சுருக்கெழுத்து கூடாது.
ஆம்-இல்லை என்றால் பெயர் கேள்வியாக முடியட்டும்:
ஈரமா, உடைந்ததா.
விதிகளை ஒரு தாளில் அச்சிட்டு
பிரிண்டருக்கு மேலேயே ஒட்டினான்.

பிறகு புலம்7.

பத்தொன்பது வருஷத்து வரிசைகள். பெரும்பாலும் வெற்று.
முன்னூற்றுப் பன்னிரண்டில் மட்டும் ஒற்றை எழுத்து: ர.
பழைய நிரலை எழுதியவர் அயர்லாந்துக்குப் போய்விட்டார்,
கூப்பிட்டால் எடுப்பதில்லை.
ரீகாவா? எல்லாமே ரீகாதான்.
ரேக்கின்ஸ், ரசீதா? அது எல்லா வரிசைக்கும் உண்டு.
வடிகட்டிப் பார்த்தோம்.
ஒற்றைக் கையுறை, குழந்தையுடையது.
வயலின் வில், வயலின் இல்லாமல்.
புளிக்க வைத்த முட்டைக்கோஸ், மூன்று லிட்டர் ஜாடி.
எக்ஸ்ரே உறை.
ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை உறவும் இல்லை,
கட்டணம் தவிர. எல்லாவற்றிலும் பூஜ்ஜியம்.

ஜன்னலில் ஜித்ராவிடம் போய்க் கேட்டேன்.
யாருக்கோ மூக்குக்கண்ணாடி தேடிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.
"ரௌதாயா," என்றாள்.
அழுதார்.
"அழுகிறவரிடம் காப்புக் கட்டணம் எப்படிக் கேட்பது?
எழுதி வைக்க அந்த ஒரு கட்டம்தான் காலியாக இருந்தது."

முட்டைக்கோஸுக்குமா?

"அந்த ஆள்தான் ரொம்ப."

எங்கள் தாளில் இதற்கு விதி இல்லை.
'அழுதாரா' என்று வைக்கலாம், இலக்கணம் இடிக்காது.
ஆனால் வருஷத்துக்கொரு முறை தணிக்கைக்காரர்கள் வருவார்கள்.
யார் பார்த்தது, எவ்வளவு நேரம், கண்ணீரா சளியா என்பார்கள்.
'கட்டண_விலக்கா' என்றான் இல்வார்ஸ்.
அடிக்கோடு இருக்கிறது, கேள்வியாக முடிகிறது.
நானும் தலையாட்டினேன்.
முன்னூற்றுப் பன்னிரண்டு ர-வும் ஆம் ஆக
ஒரு வினாடிகூடப் பிடிக்கவில்லை.
வெளியே ஏதோ ஒரு டிராம்
தண்டவாளம் மாறிக் கிறீச்சிட்டது.

திங்கட்கிழமை புதியது ஏறியது.
வியாழன் மாலை, கிளம்புமுன், சும்மா எட்டிப் பார்த்தேன்.
தகர டப்பா, உள்ளே பொத்தான்கள்.
கொடுத்த_நாள்: இன்று.
கட்டண_விலக்கா: ஆம்.
கடைசியில் 'குறிப்பு',
நாலாயிரம் எழுத்து கொள்ளட்டும் என்று
நான் அடம்பிடித்து அகலமாக்கிய நெடுவரிசை.
அதில்

ர